பெரிய டயர் மாட்டுமுன் பல் கணக்குப் பாருங்கள்

தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓடும் ஜீப், பிக்-அப் போன்ற பார வண்டிகளுக்கு, கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய டயரை மாட்டிக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மலைப் பாதையில் கல் தட்டாமல் இருக்க வேண்டும், மழைக்காலத்தில் சேற்றில் புதையாமல் வெளியேற வேண்டும் என்பதே இதற்குக் காரணம். நோக்கம் சரியானதே. ஆனால் டயர் பெரிதானவுடன் வண்டியின் இழுவை, வேகம், இறக்கத்தில் பிடித்து நிறுத்தும் சக்தி ஆகிய மூன்றும் மாறிவிடுகின்றன. இதை அறியாமல் டயரை மட்டும் மாற்றுகிறவர்கள், மேட்டில் வண்டி இழுக்கவில்லை, கிளட்ச் அடிக்கடி தேய்கிறது, டீசல் அதிகம் குடிக்கிறது என்று பின்னால் வருந்த நேரிடுகிறது.

சமவெளியில் இது பணச் செலவோடு போய்விடும். மலையில் அப்படி அல்ல. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 வளைவுகள். மிளகு, காப்பி, பலா, அன்னாசி என்று பாரத்தோடும் ஆட்களோடும் இத்தகைய பாதைகளில் இறங்கும் வண்டியின் பிடிப்பு குறைந்திருந்தால் விளைவு எதுவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே பெரிய டயர் வாங்குமுன், பின் அச்சிலுள்ள பல்சக்கரங்களின் கணக்கை விவசாயிகள் தெரிந்துகொள்வது மிகவும் அவசியம்.

பல் விகிதம் என்றால் என்ன?

என்ஜினின் சுழற்சி கியர் பெட்டி வழியாக வந்து, நீண்ட புரொப்பல்லர் தண்டின் மூலம் பின் அச்சை அடைகிறது. அங்கே அச்சின் நடுக்குடத்தில் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று இணைந்து சுழல்கின்றன. சிறியது பினியன். பெரியது கிரவுன். பினியனைத் தண்டு சுழற்றுகிறது. கிரவுன் சக்கரங்களைச் சுழற்றுகிறது. கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வரும் எண்ணே அச்சின் பல் விகிதம்.

கிரவுனில் 41 பற்களும் பினியனில் 10 பற்களும் இருந்தால் விகிதம் 4.10. அதாவது தண்டு 4.10 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். பினியனில் 9 பற்கள் இருந்தால் விகிதம் 4.56. கிரவுனில் 39, பினியனில் 8 என்றால் 4.88. கிரவுனில் 43, பினியனில் 8 என்றால் 5.38. இந்த எண் பெரிதாக ஆக இழுவை கூடும், வேகம் குறையும். எண் சிறிதாக ஆக வேகம் கூடும், இழுவை குறையும். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

டயர் பெரிதானால் இழுவை ஏன் குறைகிறது?

கட்டை வண்டிச் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டால் ஆட்கள் குடத்தருகே ஆரக்காலைப் பிடித்து உருட்டுவதில்லை. வட்டையைப் பிடித்துத்தான் உருட்டுகிறார்கள். குடத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோமோ அவ்வளவு சுலபமாகச் சக்கரம் நகரும் என்பது அனுபவத்தில் கண்டது. மோட்டார் வண்டியிலோ முறுக்கு விசை குடத்தில்தான் கொடுக்கப்படுகிறது. அந்த விசை தரையைத் தள்ள வேண்டிய இடம் டயரின் விளிம்பு. விளிம்பு குடத்திலிருந்து தள்ளிப்போகப் போக, அதே முறுக்கு தரையில் தரும் தள்ளு விசை குறைந்துகொண்டே போகும்.

அதே சமயம், பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது. ஆகவே என்ஜின் அதே சுற்று ஓடினாலும் வண்டியின் வேகம் கூடுகிறது. சுருங்கச் சொன்னால், பெரிய டயர் மாட்டுவதும் அச்சின் பல் விகித எண்ணைக் குறைப்பதும் ஒன்றே. இதில் கணக்குக்கு வருவது டயரின் உயரமே. அகலம் கூடினாலும் உயரம் மாறாவிட்டால் பல் விகிதம் பாதிக்கப்படாது.

டயர் உயரத்தைக் கண்டறியும் முறை

டயரின் பக்கவாட்டில் அளவு அச்சிடப்பட்டிருக்கும். 215/75 ஆர் 15 என்ற டயரை எடுத்துக்கொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவிகிதம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச் சுவரின் உயரம் 215-இல் 75 சதவிகிதம், அதாவது சுமார் 161 மி.மீ. மேலும் கீழும் இரண்டு சுவர்கள் சேர்ந்து 322 மி.மீ. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. ஆக மொத்த உயரம் சுமார் 703 மி.மீ.

சில பெரிய டயர்களில் 31x10.50 ஆர் 15 என்று இருக்கும். இதில் முதல் எண்ணே டயரின் உயரம். 31 அங்குலம் என்பது 787 மி.மீ.

அச்சிட்ட அளவைவிட, ஓட்டிப் பார்த்து அளப்பது இன்னும் நம்பகமானது. வழக்கமான பாரத்தை ஏற்றி, காற்றைச் சரியான அளவு நிரப்பி, சமமான தரையில் வண்டியை நிறுத்தவும். டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் கோடு போடவும். சக்கரம் சரியாக ஐந்து சுற்று சுற்றும்படி வண்டியை நேராக உருட்டி, டயர்க் கோடு மீண்டும் தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு போடவும். இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஐந்தால் வகுத்தால் ஒரு சுற்றில் வண்டி போகும் தூரம் கிடைக்கும். பழைய டயருக்கும், அதே வகை வண்டியில் மாட்டப்பட்டுள்ள பெரிய டயருக்கும் இவ்வாறு அளந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அச்சு விகிதத்தைக் கண்டறியும் முறை

வண்டியோடு வந்த புத்தகத்தில் பெரும்பாலும் விகிதம் குறிக்கப்பட்டிருக்கும். புத்தகம் இல்லையென்றால் அச்சைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். சமதரையில், முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரம் ஒன்றுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, மற்றப் பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, அச்சின் கீழ் உறுதியான தாங்கியை நிறுத்தவும். என்ஜின் அணைந்திருக்க வேண்டும்; கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும்; கை பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக 20 சுற்று சுற்றவும். ஒருவர் புரொப்பல்லர் தண்டின் சுற்றுகளை எண்ணிக்கொள்ள வேண்டும். ஒரு சக்கரம் தரையில் நின்றுவிட, மற்றது 20 சுற்று சுற்றினால் கிரவுன் 10 சுற்றே சுற்றும். எனவே தண்டு சுற்றிய எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். தண்டு 41 சுற்று சுற்றியிருந்தால் விகிதம் 4.10.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் புகுவது கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு பார வண்டிக்கு 703 மி.மீ. உயரமுள்ள டயரும், 4.10 அச்சு விகிதமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 787 மி.மீ. டயர் மாட்டப்படுகிறது. உயரம் 12 சதவிகிதம் கூடுகிறது.

கடைசி கியர் நேர் கியராக இருந்து, என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது பழைய டயரில் வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர். புதிய டயரில் 72 கிலோமீட்டர். இதைக் கண்டு வண்டி பறக்கிறது என்று மகிழ வேண்டியதில்லை. எல்லாக் கியர்களிலும் இழுவை ஏறத்தாழ 11 சதவிகிதம் குறைந்துவிட்டது என்பதே இதன் மறுபக்கம்.

வண்டியின் எடையும் பாரமும் சேர்ந்து 2,500 கிலோவாக இருந்து, ஒரு செங்குத்தான மேட்டை முதல் கியரில் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது என்றால், பெரிய டயருடன் அதே மேட்டில் 2,235 கிலோவுக்கு மேல் ஏறாது. ஏறத்தாழ 265 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் ஐந்து மூட்டைக்கு மேல் இறக்கிவிட வேண்டியிருக்கும். இறக்காமல் ஏற்றினால் ஓட்டுநர் கிளட்சை அரைகுறையாகப் பிடித்தே வண்டியை நகர்த்துவார். கிளட்ச் தேய்ந்து கருகும்.

இவ்வளவுக்கும் கிடைத்த லாபம் எவ்வளவு? டயரின் உயரம் 84 மி.மீ. கூடினாலும் அச்சு தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, 42 மி.மீ. மட்டுமே. ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். இந்த ஒன்றரை அங்குலம் தேவைதானா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

புதிய விகிதத்தைத் தேர்ந்தெடுத்தல்

தேவைதான் என்றால் இழந்த இழுவையைத் திரும்பப் பெற அச்சின் பல் விகிதத்தை உயர்த்த வேண்டும். கணக்கு எளிது. பழைய விகிதத்தைப் புதிய டயர் உயரத்தால் பெருக்கி, பழைய டயர் உயரத்தால் வகுக்க வேண்டும். மேற்கண்ட வண்டிக்கு 4.10-ஐ 787-ஆல் பெருக்கி 703-ஆல் வகுத்தால் 4.59 வருகிறது.

பல்சக்கரம் நாம் நினைத்த எண்ணிலெல்லாம் கிடைக்காது. அந்த அச்சுக்கென்று செய்யப்படும் ஜோடிகளில் பொருத்தமானதைத்தான் எடுக்க முடியும். 4.56, 4.88, 5.38 ஆகிய மூன்றும் கிடைப்பதாக வைத்துக்கொண்டு ஒப்பிடுவோம். எல்லாம் பெரிய டயருடன், என்ஜின் 2,000 சுற்றில்:

விகிதம் 4.10 (மாற்றாதது): வேகம் 72 கி.மீ.; இழுவை பழையதைவிட 11 சதவிகிதம் குறைவு.

விகிதம் 4.56: வேகம் 65 கி.மீ.; இழுவை ஏறத்தாழப் பழையபடியே.

விகிதம் 4.88: வேகம் 61 கி.மீ.; இழுவை 6 சதவிகிதம் அதிகம்.

விகிதம் 5.38: வேகம் 55 கி.மீ.; இழுவை 17 சதவிகிதம் அதிகம்.

வாரத்தில் பெரும்பாலான நாட்கள் தார்ச் சாலையில் சந்தைக்கு ஓடும் வண்டிக்கு 4.56 போதும். நாள்தோறும் பாரத்தோடு மலையேறும் வண்டிக்கு 4.88 ஏற்றது. பெரிய டயர் எடையும் அதிகம். அதைச் சுழற்றிக் கிளப்பவே கூடுதல் விசை வேண்டும். எனவே கணக்கில் வரும் எண் இரண்டு ஜோடிகளுக்கு நடுவில் விழுந்தால், பார வண்டிக்குப் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பது நலம். 5.38 எடுத்தால் இழுவை நன்றாக இருக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் என்ஜின் எப்போதும் அதிகச் சுற்றில் ஓடும். சத்தமும் தேய்மானமும் டீசல் செலவும் கூடும். மேலும் கிரவுன் அளவு மாறாமல் பினியனின் பற்களைக் குறைத்துக்கொண்டே போனால் பினியன் சிறுத்துப்போகும். சிறுத்த பினியன் தாங்கும் சக்தியும் குறைவு. ஆகவே தேவைக்கு மேல் விகிதத்தை உயர்த்துவது நல்லதன்று.

எப்போது பல் மாற்ற வேண்டாம்?

டயர் உயரம் 4 சதவிகிதம் வரை கூடினால் பல்சக்கரத்தைத் தொட வேண்டியதில்லை. 215/75 ஆர் 15-க்குப் பதில் 235/75 ஆர் 15 மாட்டினால் உயரம் 703-லிருந்து 733 மி.மீ. ஆகிறது. இது 4 சதவிகிதத்தை ஒட்டியது. மேட்டில் சற்று முன்னதாகக் கியரைக் குறைத்துக்கொண்டால் போதும். 5 முதல் 8 சதவிகிதம் வரை பாரத்தையும் பாதையையும் பார்த்து முடிவு செய்யலாம். 10 சதவிகிதத்துக்கு மேல் போனால் பல்லை மாற்ற வேண்டும். அல்லது அந்த டயரைக் கைவிட வேண்டும்.

லோ கியர் வசதியுள்ள நான்கு சக்கர இயக்க வண்டிகளில், தோட்டத்துக்குள் உள்ள மண் மேடுகளுக்கு அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் முன் அச்சையும் பின் அச்சையும் நடுவில் டிபரன்ஷியல் இன்றி நேராக இணைக்கும் வண்டிகளில், நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டு காய்ந்த தார்ச் சாலையில் ஓட்டக்கூடாது. வளைவுகளில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் போவதால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொண்டு உடையும்.

பல் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசித் தேய்த்துச் சேர்க்கப்பட்ட ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றுவதோ, ஒரு ஜோடியின் கிரவுனோடு இன்னொன்றின் பினியனைச் சேர்ப்பதோ கூடாது. பற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியும், பேரிங் இறுக்கமும் அளவுக் கருவி கொண்டு சரிசெய்யப்பட வேண்டும். கண் திட்டத்தில் மாட்டினால் சில நாட்களிலேயே அச்சு ஊளையிடத் தொடங்கும். இந்த வேலையைச் செய்து பழகிய பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். சில அச்சுகளில் விகிதம் அதிகம் மாறும்போது கிரவுனைத் தாங்கும் கூடும் மாற வேண்டியிருக்கும். விலை கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

நான்கு சக்கர இயக்க வண்டிகளில் இரண்டு அச்சுகளையும் ஒரே சமயத்தில், ஒரே விகிதத்துக்கு மாற்ற வேண்டும். பின் அச்சை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று எதிர்த்து இழுக்கும். இதனால் செலவு இரட்டிப்பாகும் என்பதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும். டயரும் நான்கல்ல, ஸ்டெப்னியோடு ஐந்து.

புதிய ஜோடிக்கு, வண்டிப் புத்தகத்தில் குறித்த தரமுள்ள அச்சு எண்ணெயை ஊற்ற வேண்டும். முதல் 800 கிலோமீட்டர் வரை முழுப் பாரம் ஏற்றாமல் ஓட்டிவிட்டு எண்ணெயை மாற்றிவிடுவது நலம். தொடக்கத்தில் பற்களிலிருந்து வரும் பொடி அதோடு வெளியேறிவிடும்.

பிரேக்கைப் பல்சக்கரம் சரிசெய்யாது

இந்தப் பாடத்தில் மறக்கக்கூடாத பகுதி இதுவே. பல் மாற்றியபின் வண்டி பழையபடி இழுக்கிறது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டால் என்ஜினும் பழையபடி பிடிக்கிறது. ஏனெனில் என்ஜின் பிடிப்பு பல்சக்கரங்கள் வழியாகவே சக்கரத்துக்கு வருகிறது. ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது என்று ஓட்டுநர் நம்பிவிடுகிறார்.

ஆனால் கால் பிரேக் பல்சக்கரங்கள் வழியாக வருவதில்லை. அது சக்கரத்தின் குடத்தையே நேராகப் பிடிக்கிறது. டயர் பெரிதானதால் விளிம்பு குடத்திலிருந்து தள்ளிப்போயிற்று. அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் பிடிப்பு 11 சதவிகிதம் குறைந்தே நிற்கும். எந்தக் கிரவுனும் பினியனும் இதைத் திருப்பித் தரா. முன்பு பிரேக் மிதித்து 20 மீட்டரில் நின்ற வண்டி, அதே அழுத்தத்தில் 22 மீட்டருக்கு மேல் போய் நிற்கும்.

இன்னும் அழுத்தி மிதித்தால் நிற்காதா என்று கேட்கலாம். ஒரு முறை நிற்கும். ஆனால் நீண்ட மலை இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் கட்டைகள் சூடேறி, பிடிக்கும் தன்மையை இழந்துவிடும். அந்த நேரத்துக்கென்று கையிருப்பாக இருந்த பிடிப்பைப் பெரிய டயர் முன்னதாகவே தின்றுவிட்டது. அச்சு உயர்ந்த அளவுக்கு வண்டியின் எடை மையமும் உயர்ந்துவிட்டதால், வளைவில் சாயும் தன்மையும் சற்றுக் கூடியிருக்கும்.

எனவே பெரிய டயர் மாட்டிய வண்டியில் பிரேக் லைனிங், சிலிண்டர், குழாய், எண்ணெய் ஆகியவற்றைப் புதிதாக்காமல் மலையில் பாரம் இறக்கக்கூடாது. புதிதாக்கினாலும் பாரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஏறிய கியரிலேயே, முடிந்தால் அதற்கும் ஒரு கியர் குறைத்து, இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

வேக மீட்டரும் மைலேஜும்

கியர் பெட்டியின் பின்புறத்திலிருந்து கேபிள் வரும் வண்டிகளில், டயரை மட்டும் பெரிதாக்கினால் மீட்டர் குறைத்துக் காட்டும். எடுத்துக்காட்டில் உள்ள வண்டியில் மீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 67. வளைவுக்கு வருகிறவர் 60 என்று நம்பிக்கொண்டு 67-இல் வருவார். ஓடிய தூரமும் குறைவாகப் பதிவாகும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் உண்மையில் ஓடினாலும் கணக்கில் 10.7 என்றுதான் வரும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று பட்டறைக்கு ஓடுமுன் இதைக் கழித்துப் பார்க்க வேண்டும். பல்லைப் பொருத்தமாக மாற்றினால் இவ்வகை மீட்டர் தானே சரியாகிவிடும். சக்கரத்திலுள்ள உணர்கருவி மூலம் வேகம் காட்டும் புதிய வண்டிகளில் அப்படிச் சரியாகாது. மீட்டரைத் தனியே திருத்த வேண்டும்.

சட்டமும் இடையில் வருகிறது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள், வண்டியைத் தயாரித்தவர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கூறுகிறது. வண்டிப் புத்தகத்தில் அந்த மாதிரிக்கு அனுமதித்த டயர் அளவுகளுக்குள் இருப்பதே பாதுகாப்பு. அதைத் தாண்ட எண்ணினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெற வேண்டும். விபத்து நடந்தபின் கேட்பதில் பயனில்லை.

டிராக்டர் வைத்திருப்போர் கவனத்துக்கு

டிராக்டரின் பின் டயரை மாற்றும்போதும் இதே கணக்குதான். ஆனால் லாரி, ஜீப்புக்குப் போல டிராக்டருக்கு வேறு விகிதக் கிரவுனைத் தேர்ந்தெடுப்பது நடைமுறையில் இல்லை. எனவே டயரைத்தான் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

12.4-28 டயரின் உயரம் சுமார் 1,260 மி.மீ. 13.6-28 சுமார் 1,310, 14.9-28 சுமார் 1,365. 12.4-லிருந்து 14.9-க்குப் போனால் 8 சதவிகிதம் உயரம் கூடும். என்ஜின் சுற்றும் கியரும் மாறாமல் டிராக்டர் 8 சதவிகிதம் வேகமாக நகரும். பி.டி.ஓ. தண்டின் சுற்றோ பழையபடி நிமிடத்துக்கு 540-தான். எனவே ரோட்டவேட்டர் முன்போல மண்ணைப் பொடியாக்காது. கட்டி பெரிதாக விழும். ஒரு கியர் குறைத்து ஓட்ட வேண்டும். டிராக்டரில் இணைத்த விசைத் தெளிப்பானில் எக்டருக்கு 500 லிட்டர் விழுந்துகொண்டிருந்தது 462 லிட்டராகக் குறையும். மருந்து அளவும் அதே விகிதத்தில் குறைந்து, பூச்சி சாகவில்லை என்று மருந்தின் மேல் பழி விழும். பின் டயரை மாற்றியவர்கள் தெளிப்பானின் அளவைப் புதிதாகச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

நான்கு சக்கர இயக்க டிராக்டரில் இன்னும் கவனம் தேவை. இவற்றில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட 1 முதல் 5 சதவிகிதம் வரை முந்தி ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கும். முன் சக்கரம் முந்தி இழுத்தால்தான் நான்கும் சேர்ந்து வேலை செய்யும். இந்த முந்தல் 3 சதவிகிதமாக உள்ள டிராக்டரில் பின் டயரை மட்டும் 13.6-லிருந்து 14.9-க்கு மாற்றினால், பின் சக்கரம் 4 சதவிகிதத்துக்கு மேல் கூடுதலாகப் போகும். முன் சக்கரம் முந்துவதற்குப் பதில் 1 சதவிகிதம் பின்தங்கிவிடும். அதன்பின் முன் அச்சு இழுக்காது. பிரேக் போலப் பிடித்து நிறுத்தும். முன் டயர் விரைவில் தேயும், பல்சக்கரங்களுக்கும் கேடு.

இதைச் சோதிப்பது எளிது. இறுகிய மண் பாதையில், நான்கு சக்கர இயக்கத்தை விலக்கி, பின் சக்கரம் 10 சுற்று சுற்றும் வரை நேராக ஓட்டி முன் சக்கரச் சுற்றை எண்ணவும். பிறகு இயக்கத்தைப் போட்டு மீண்டும் எண்ணவும். முதலில் 13 சுற்று, பிறகு 13.4 சுற்று என்றால் வேறுபாடு 0.4. அதை 13-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் முந்தல் 3 சதவிகிதம். இரண்டாவது எண்ணிக்கை முதலாவதைவிடக் குறைந்தால் டயர்கள் பொருந்தவில்லை என்று பொருள். முன் டயரையும் அதே விகிதத்தில் பெரிதாக்க வேண்டும். அல்லது கம்பெனி குறித்த முன்-பின் ஜோடி அளவுகளுக்குத் திரும்ப வேண்டும். முன் டயர் மட்டும் மிகவும் தேய்ந்திருந்தாலும் முந்தல் குறையும்.

சுருக்கமாக

1. டயர் வாங்குமுன் பழைய, புதிய உயரங்களை அளந்து எத்தனை சதவிகிதம் கூடுகிறது என்று பார்க்கவும்.

2. 4 சதவிகிதம் வரை பல் மாற்ற வேண்டாம். 10-க்கு மேல் போனால் பல் மாற்றாமல் பாரம் ஏற்ற வேண்டாம்.

3. புதிய விகிதம் = பழைய விகிதம் x புதிய உயரம் ÷ பழைய உயரம். மலை வண்டிக்கு அடுத்த பெரிய எண்ணை எடுக்கவும்.

4. நான்கு சக்கர வண்டியில் இரண்டு அச்சுகளையும் சேர்த்தே மாற்றவும்.

5. ஐந்து டயர், கிரவுன்-பினியன் ஜோடி, கூலி, பிரேக் வேலை எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கவும். சேற்றுக்குப் பட்டன் ஆழமான, கம்பெனி அளவு டயரே போதுமா என்றும் யோசிக்கவும். பலருக்கு அதுவே போதும்.

6. இழுவை திரும்பி வந்தாலும் பிரேக் திரும்பி வராது. பெரிய டயரோடு மலை இறங்கும் ஒவ்வொரு முறையும் இதை நினைவில் கொள்ளவும்.